பாட்டுச் சத்தத்தைக் கூட்டினால் கேஸ்கெட் சரியாகிவிடாது

இது நீளமான பதிவு. கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். வகுப்பில் என்னிடம் சாக்பீஸ் எறி வாங்கினவர்களுக்கு இது புதிதில்லை. பொறுமையாகக் கடைசிவரை படியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை காங்கேயத்தில் ஒரு மண்டபத்தில் நம் உறவில் ஒரு சீர். சாப்பிட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் நாலைந்து பேர் நின்றுகொண்டிருந்தோம். தங்கை முறையாகிற ஒருவரின் மகன் வந்து தன் காரைக் கிளப்பினார். காலையிலிருந்து நின்று நன்றாகக் குளிர்ந்திருந்த வண்டி. கிளப்பினதும் பானெட்டுக்குள் இருந்து "டிக் டிக் டிக் டிக்" என்று ஒரு சத்தம். ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே வேகமாகிறது.

"மாப்ளே, மேனிபோல்டு கேஸ்கெட் போயிருக்கற மாதிரி தெரியுதுங்க. சீக்கிரம் பாருங்க" என்றேன்.

"அட போங்க மாமா, பாட்டைப் போட்டா அந்தச் சத்தம் கேக்கறதே இல்லீங்க" என்றார்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நானும் மரியாதைக்குச் சிரித்துவைத்தேன். அவர் கண்ணாடிகளை ஏற்றி, ஏசியைப் போட்டு, பின்சீட்டில் இரண்டு குழந்தைகளோடு கிளம்பிப் போய்விட்டார். அந்தக் குழந்தைகள் தினமும் பள்ளிக்கூடம் போவதும் அதே காரில்தான்.

வீட்டுக்கு வந்த பிறகு அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர் சொன்னதற்காக இல்லை, நான் சிரித்ததற்காக. அந்த வெட்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்கு நம்மாட்களை அழைத்துப் போனால், பல்லைப் பார்த்து வயசு சொல்வார்கள், சுழியைப் பார்த்து விலை சொல்வார்கள். காளை காலை ஒரு விரற்கடை எட்டிவைத்தால்கூட "இதுக்கு லாடத்துல ஏதோ கோளாறு" என்று பத்தடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பார்கள். நொண்டுகிற மாட்டை வண்டியில் பூட்டுகிறவனை நாலு பேர் நிற்கவைத்துத் திட்டுவார்கள். அதே ஆட்கள் ஏழெட்டு லட்சம் கொடுத்து வாங்கின கார் வாய்விட்டுக் கத்தும்போது பாட்டைப் போடுகிறார்கள். மாட்டுக்குக் கொடுத்த காதைக் காருக்குக் கொடுக்க மாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?

முதலில் அது என்ன பொருள் என்று சொல்லிவிடுகிறேன்.

என்ஜினில் பெட்ரோல் எரிந்து வரும் புகை, சிலிண்டர் ஹெட்டின் பக்கவாட்டுத் துளைகள் வழியாக வெளியே வருகிறது. அங்கே ஒரு வார்ப்பிரும்புக் கிளைக்குழாய் ஸ்டட்டும் நட்டும் போட்டு முடுக்கப்பட்டிருக்கும். அதுதான் எக்ஸாஸ்ட் மேனிபோல்டு. ஹெட்டுக்கும் மேனிபோல்டுக்கும் நடுவில் புகை கசியாமல் இருக்க ஒரு மெல்லிய தகடு வைப்பார்கள். அதுதான் கேஸ்கெட். பட்டறையில் "பேக்கிங்" என்று சொன்னாலும் இதுதான். மேனிபோல்டிலிருந்து கீழே இறங்கும் குழாய் சேருமிடத்தில் ஒன்று, அப்புறம் சைலன்சர் வரைக்கும் ஒவ்வொரு இணைப்பிலும் ஒன்று என்று வண்டிக்கு வண்டி எண்ணிக்கை மாறும்.

அது ஏன் தேய்கிறது? வெப்பத்தால் பொருள்கள் விரியும் என்று சின்ன வகுப்பிலேயே படித்தோம். இப்போதைய கார்களில் பெரும்பாலும் ஹெட் அலுமினியம். மேனிபோல்டு பலவற்றில் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டுக்கு அலுமினியம் இரும்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஆனால் மேனிபோல்டோ ஹெட்டைவிடப் பல மடங்கு சூடாகிறது. மலை ஏறும்போது பல நூறு டிகிரி சூட்டில் புகை அதன் வழியே போகிறது. ஆக, ஒவ்வொரு முறை வண்டியைக் கிளப்பி அணைக்கும்போதும் இரண்டு உலோகங்களும் இரண்டு விதமாக நீண்டு சுருங்குகின்றன. நடுவில் மாட்டிக்கொண்ட கேஸ்கெட் உரசுபட்டுக்கொண்டே இருக்கிறது. பத்து வருஷம் இப்படி இழுபட்டால் ஓரம் தீய்ந்து ஒரு இடத்தில் வழி விடும். அதில் யாருடைய குற்றமும் இல்லை. செருப்பு தேய்கிற மாதிரி அதுவும் தேயும். தேய்ந்தது தெரிந்தும் மாற்றாமல் ஓட்டுவதைத்தான் குற்றம் என்கிறேன்.

அந்த வழியாக வெறும் சத்தம் மட்டும் வெளியே வருவதில்லை. கார்பன் மோனாக்சைடு வருகிறது. முப்பத்தொரு வருஷம் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருக்கிறேன். நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் ஆக்ஸிஜனைப் பிடிப்பதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக இந்த வாயுவைப் பிடித்துக்கொள்ளும். பிடித்ததை லேசில் விடாது. வெளிக்காற்றில் வந்து உட்கார்ந்தாலும், ஏறினதில் பாதி இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. கேட்டலிட்டிக் கன்வர்ட்டருக்கு முன்னால் இருக்கும் புகையில், ஒழுங்காக ஓடுகிற பெட்ரோல் என்ஜினிலேயே அரை முதல் ஒரு சதவீதம்வரை கார்பன் மோனாக்சைடு இருக்கும். குளிர்ந்த என்ஜினைக் கிளப்பின முதல் சில நிமிஷங்களில் இன்னும் கூடும். ஒரு சதவீதம் என்றால் பத்து லட்சம் பங்குக்கு 10,000 பங்கு. அதில் ஒரு பங்கு புகை ஐம்பது பங்கு காற்றில் கலந்தாலும் 200 மிஞ்சுகிறது. அந்த 200ஐ இரண்டு மூன்று மணி நேரம் சுவாசித்தால் தலைவலி, சோர்வு, குமட்டல் வரும். எட்டு மடங்கு கூடி 1,600 ஆனால் இருபது நிமிஷத்தில் தலை சுற்றும், இரண்டு மணி நேரத்துக்குள் உயிர் போகலாம்.

இத்தனையும் தெரிந்த நான் என்ன செய்தேன் என்று கேளுங்கள். அதைச் சொல்லாமல் உங்களைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

நான்கு வருஷத்துக்கு முன்னால் என் காரிலும் இதே "டிக் டிக்" சத்தம் வந்தது. காலையில் கிளப்பினால் கேட்கும். கரூர் ரோட்டில் ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் நின்றுவிடும். "சூடானா சரியாகிடுது, பரவாயில்லை" என்று ஒரு வருஷம் ஓட்டினேன். சூடானதும் மேனிபோல்டு விரிந்து இடைவெளியை அடைக்கிறது, மறுநாள் காலையில் மறுபடி திறக்கிறது என்று யோசிக்க ஒரு அறிவியல் வாத்தியாருக்கு ஒரு வருஷம் போதவில்லை.

அந்த வருஷம் கோடை விடுமுறையில் மகளும் பேத்தியும் வந்திருந்தார்கள். தாராபுரம், பழனி வழியாகக் கொடைக்கானல் போனோம். மலை ஏற ஏறக் குளிர் என்று கண்ணாடிகளை ஏற்றிவிட்டோம். ஏற்றத்தில் என்ஜினுக்குப் பாரம் கூடும்போது புகையின் அழுத்தமும் கூடும், கசிவும் கூடும். அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. பேத்தி இரண்டு முறை வாந்தி எடுத்தாள். என் வீட்டுக்காரம்மாவுக்கு நெற்றிப்பொட்டு இரண்டும் தெறிக்கிற மாதிரி தலைவலி. "மலைப்பாதை, அப்படித்தான் இருக்கும்" என்று எலுமிச்சம்பழத்தை முகரக் கொடுத்தோம். திரும்பி வந்ததும் அம்முச்சி உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். "இவளுக்குக் காருன்னாலே ஆகாது" என்று அந்தக் குழந்தைக்கு ஒரு பெயரும் வைத்தாகிவிட்டது.

ஒரு மாசம் கழித்து மகள் போனில் பேச்சுவாக்கில் சொன்னாள்: "ஆனா பாருங்கப்பா, பஸ்ல எவ்வளவு தூரம் போனாலும் இவ வாந்தி எடுக்கறதே இல்லை. அப்புச்சி கார்ல ஏறினாத்தான்."

அப்புச்சி காரில் ஏறினால்தான். போனை வைத்துவிட்டு நேராகப் போய் பானெட்டைத் திறந்தேன். மேனிபோல்டு ஹெட்டோடு சேரும் ஓரத்தில், மூன்றாவது சிலிண்டருக்கு நேராக, விளக்குக் கரி படிந்த மாதிரி கறுப்பாக ஒரு கோடு.

உடனே பக்கத்தில் ஒரு பட்டறைக்குப் போனேன். அவர் எட்டிப் பார்த்துவிட்டு, ஒரு பசையைப் பிதுக்கி ஓரத்தில் அப்பி, "ரெண்டு வருஷத்துக்குக் கவலையே இல்லீங்க சார்" என்று 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். மூன்றே வாரத்தில் சத்தம் திரும்பிவிட்டது. பிறகு என்னிடம் பத்தாவது படித்த ஒரு பையனின் பட்டறையில் விட்டேன். முறைப்படி கழற்றி மாற்றினான். கேஸ்கெட் 380 ரூபாய். இரண்டு ஸ்டட், நட்டுகள், கூலி எல்லாம் சேர்த்து 2,650 ரூபாய். அடுத்த விடுமுறையில் பேத்தி அதே காரில், அதே மலையில், பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள்.

ரத்தப் பரிசோதனை எதுவும் செய்யவில்லை. கசிவுதான் காரணம் என்று நீதிமன்றத்தில் என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் வாத்தியாரின் மனசாட்சிக்கு அந்தச் சான்று போதும். ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்கத்தில் விஷவாயுவை அறிய கேனரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோவார்கள். பிரிட்டனில் 1986 வரைக்கும் அந்தப் பழக்கம் இருந்தது. குருவி வேகமாக மூச்சு விடுவதால் மனிதனுக்கு முன்னால் அதற்குத் தெரிந்துவிடும். குழந்தைகளும் நம்மைவிட வேகமாக மூச்சு விடுகிறவர்கள். நான் ஒரு வருஷம் என் பேத்தியைக் குருவியாக வைத்து வண்டி ஓட்டியிருக்கிறேன்.

இனி நீங்கள் சொல்லப்போகும் சமாதானங்களுக்கு வருகிறேன். அத்தனையும் நானே எனக்குச் சொல்லிக்கொண்டவைதான்.

"பொல்யூஷன் சர்டிபிகேட் இருக்குதுங்க சார்." அந்தச் சோதனையில் குழாயைச் செருகுவது வண்டியின் பின்னால், சைலன்சர் முனையில். அங்கே வருவது கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் சுத்தம் செய்து அனுப்பின புகை. பி.எஸ்.-4 பெட்ரோல் காருக்கு அந்த முனையில் 0.3 சதவீதத்துக்கு மேல் கார்பன் மோனாக்சைடு இருக்கக் கூடாது என்பது விதி. மேனிபோல்டு கேஸ்கெட் இருப்பதோ கன்வர்ட்டருக்கு முன்னால். அங்கே கசிவது சுத்தம் செய்யப்படாத பச்சைப் புகை. சர்டிபிகேட் தெருவில் போகிறவர்களுக்கான உத்தரவாதம். உள்ளே உட்கார்ந்திருக்கிற உங்கள் பிள்ளைக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. கன்வர்ட்டரே இல்லாத பழைய கார்புரேட்டர் கார்களுக்கு அந்த வரம்பே 3 சதவீதம். நான் போட்ட கணக்கை மூன்றால் பெருக்கிப் பாருங்கள்.

"என்ஜின் முன்னால இருக்குது, நாங்க உள்ள இருக்கோம்." ஏசிக்கு வெளிக்காற்று எடுக்கும் துவாரம் எங்கே இருக்கிறது என்று போய்ப் பாருங்கள். முன்கண்ணாடியின் அடியில், பானெட் முடியும் இடத்தில். சிக்னலில் நிற்கும்போது என்ஜின் அறையில் தேங்குவதை அது இழுக்கும். உள்காற்றையே சுற்றவிடும் பட்டனைப் போட்டால், ஏற்கெனவே கியர் லீவர் ஓட்டை, பெடல் ஓட்டை, கிழிந்த ரப்பர் வழியாக உள்ளே வந்தது வெளியே போக வழியில்லாமல் சுற்றும். மாருதி ஆம்னி வைத்திருப்பவர்கள் இதைத் தனியாகக் கவனியுங்கள். 1984 முதல் 2019 வரை வந்த வண்டி, நம் பக்கம் இன்னும் எத்தனையோ ஓடுகிறது. அதில் என்ஜின் இருப்பது முன்சீட்டுக்கு நேர் அடியில். அங்கே கசிந்தால் உங்களுக்கும் புகைக்கும் நடுவில் இருப்பது சீட்டும் ஒரு மூடியும்தான்.

"கண்ணாடியை இறக்கிவிட்டுட்டா போச்சு." பட்டறைவரைக்கும் ஓட்டிப் போவதற்கு அது சரி. அதுவும் நான்கு கண்ணாடியையும் முழுதாக இறக்கி, குழந்தைகளை ஏற்றாமல் போக வேண்டும். தினமும் அதையே வைத்தியமாக வைத்துக்கொள்ளாதீர்கள். ஓடும் வண்டியின் பின்புறம் காற்றழுத்தம் குறைந்து, வெளியே போன புகையே திரும்பி வரும். கொப்பரை மூட்டை ஏற்றிக்கொண்டு பின்கதவைப் பாதி திறந்து கயிறு கட்டி ஓட்டுகிறவர்கள் இதைத்தான் செய்துகொண்டிருக்கிறார்கள்.

"மைலேஜ் குறையலையே." குறையாவிட்டால் சும்மா விடலாமா? ஆனாலும் பதில் சொல்கிறேன். புகை அலையலையாக வருகிறது. இரண்டு அலைக்கு நடுவில் அந்த ஓட்டை வெளிக்காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்று ஆக்ஸிஜன் சென்சாரைத் தொட்டால், "பெட்ரோல் போதவில்லை" என்று சென்சார் பொய் சொல்லும். கணினி பெட்ரோலைக் கூட்டி ஊற்றும். செலவும் கூடும், கன்வர்ட்டரும் கெடும். அதை மாற்றுவதற்கு ஆகும் பணத்தில் எத்தனை கேஸ்கெட் வாங்கலாம் என்று கடையில் விசாரித்துப் பாருங்கள்.

"என்னுது டீசல் வண்டி." டீசல் புகையில் கார்பன் மோனாக்சைடு குறைவுதான். ஆனால் டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இல் வகைப்படுத்தியது. அதைப் பிள்ளைக்கு ஊட்ட வேண்டுமா?

"இதனால யாரு சார் செத்தா?" 2024 டிசம்பரில் கேரளத்தில் வடகரை பக்கம் சாலையோரம் நின்றிருந்த ஒரு கேரவனுக்குள் இரண்டு பேர் இறந்து கிடந்தார்கள். கோழிக்கோடு என்.ஐ.டி. வல்லுநர்கள் வந்து சோதித்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடு உள்ளே ஏறியிருந்தது. அது கேஸ்கெட் கதை இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் வாயு அதேதான், மூடின வண்டிக்குள் அது வருவதை யாராலும் முகர்ந்து அறிய முடியாது என்பதும் அதேதான். அமெரிக்காவில் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் கார்களுக்குள் புகை வாடை வருகிறது என்று புகார் வந்தபோது 2016இல் அரசே விசாரணை தொடங்கியது. அடுத்த வருஷம் ஆஸ்டின் நகரப் போலீஸ் சுமார் 400 வண்டிகளை ஓட்டாமல் நிறுத்திவைத்தது. கம்பெனி பல லட்சம் வண்டிகளுக்கு இலவசமாகச் சரிபார்ப்பு அறிவித்தது. கடைசியில் 2023இல், திரும்பப் பெறும் அளவுக்குக் குறை இல்லை என்று விசாரணை முடிந்தது. அங்கே வெறும் வாடைக்கு ஆறு வருஷம் தேடினார்கள். நாம் சத்தமே கேட்டும் பாட்டைப் போடுகிறோம்.

சரி, எப்படிக் கண்டுபிடிப்பது? பெரிய கருவி எதுவும் வேண்டாம்.

ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் திறந்தவெளியில் வைத்துக் கிளப்புங்கள். ஷெட்டுக்குள் வேண்டவே வேண்டாம். பானெட்டைத் திறந்து நில்லுங்கள். கேட்பது முதல் இரண்டு மூன்று நிமிஷந்தான். "டிக் டிக்" அல்லது "ஃபுஸ் ஃபுஸ்" என்று என்ஜின் வேகத்தோடு கூடிக் குறையும் சத்தம், சூடாக ஆகத் தேய்ந்தால் மேனிபோல்டைச் சந்தேகியுங்கள். டேப்பட் சத்தமும் இதே மாதிரி இருக்கும், குழம்ப வேண்டாம். ஒரு மீட்டர் ரப்பர் ட்யூபை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை இணைப்பு ஓரமாக நகர்த்துங்கள். சுடுகிற இடத்திலும் ஃபேனிலும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கசிகிற இடத்தில் சத்தம் பளிச்சென்று காதில் அறையும். என்ஜின் ஆறின பிறகு டார்ச் அடித்து இணைப்புகளில் கரிக்கோடு இருக்கிறதா பாருங்கள். கண்ணாடி ஏற்றி ஓட்டும்போது உள்ளே புகை வாடை வந்தால், அல்லது வண்டியில் ஏறினால் மட்டும் தலைவலி வந்து இறங்கினால் தெளிந்தால், இனிமேல் எலுமிச்சம்பழத்தைத் தேடாதீர்கள். வாடையே இல்லை என்பதால் கசிவு இல்லை என்றும் ஆகாது.

மாற்றுவது எப்படி என்றும் சொல்கிறேன். நீங்களே செய்யச் சொல்லவில்லை. பட்டறையில் பக்கத்தில் நின்று என்ன கேட்க வேண்டும் என்று தெரிய வேண்டும் அல்லவா?

என்ஜின் முழுதாகக் குளிர்ந்திருக்க வேண்டும். பேட்டரியின் நெகடிவ் ஒயரைக் கழற்றிவிட வேண்டும். துருப்பிடித்த நட்டுகளுக்கு முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு ஊறவைக்க வேண்டும். அவசரப்பட்டால் ஸ்டட் முறியும். முறிந்த ஸ்டட்டை ஹெட்டிலிருந்து எடுப்பதுதான் இந்த வேலையிலேயே பெரிய வேலை. மேனிபோல்டைக் கழற்றின பிறகு இரண்டு முகங்களிலும் ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைப் பதமாகச் சுரண்ட வேண்டும். கிரைண்டர் போட்டால் அலுமினியம் பள்ளமாகிவிடும். பிறகு நேரான ஸ்கேலை வைத்து, ஃபீலர் கேஜைச் செருகி மேனிபோல்டு வளைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வளைந்திருந்தால் லேத்தில் கொடுத்துச் சமப்படுத்த வேண்டும். இந்த ஒரு சோதனையை விட்டுவிட்டால் புது கேஸ்கெட்டும் சீக்கிரமே போய்விடும். கேஸ்கெட் புதிது, நட்டு புதிது. பழையதைத் துடைத்துப் போடக் கூடாது. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போகிற வரிசையில், இரண்டு மூன்று சுற்றாக, கம்பெனிப் புத்தகத்தில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில் முடுக்க வேண்டும். கடைசியாக வண்டியைக் கிளப்பி, மறுநாள் காலையில் குளிர்ந்த பிறகு மறுபடி கிளப்பிக் காதால் சோதிக்க வேண்டும்.

பசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. கடையில் விற்கும் சாதாரண சிலிக்கான் பசை 250, 300 டிகிரிவரை தாங்கும். மேனிபோல்டின் சூடு அதைத் தாண்டிவிடும். பசை கருகி உதிரும் வரைக்கும் சத்தம் மட்டும் அடங்கியிருக்கும். பாட்டுப் போட்ட மாதிரிதான் அதுவும், காசு கொடுத்துப் போட்ட பாட்டு.

பட்டறையில் வேலை செய்கிற என் பிள்ளைகளுக்குத் தனியாக ஒன்று. அந்தக் காலத்தில் ஷீட்டை மேனிபோல்டின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியலால் ஓரத்தைத் தட்டித் தட்டிக் கையாலேயே பேக்கிங் வெட்டுவார்கள். அருமையான கைவேலை. ஆனால் அந்த ஷீட்டுகளில் பல ஆஸ்பெஸ்டாஸ். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன். பழைய வண்டியைப் பிரிக்கும்போது ஒட்டியிருக்கும் பேக்கிங்கை உலர்ந்தபடி பிரஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், காற்றடித்து ஊதாதீர்கள். நனைத்துச் சுரண்டி, ஈரத்தோடு கவரில் கட்டி அப்புறப்படுத்துங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.

இதுவரைக்கும் பட்டறைக்காரர்கள்மேல் கோபப்பட்டதாகத் தோன்றினால் ஒன்று சொல்ல வேண்டும். எனக்கு மாற்றிக் கொடுத்த பையனிடம் கேட்டேன்: "ஏப்பா, எல்லாரும் இப்படிச் செய்யாம எதுக்குப் பசையை அப்பறாங்க?" அவன் சொன்ன பதில் என் வாயை அடைத்துவிட்டது. "சார், கழட்டறப்ப ஸ்டட்டு முறிஞ்சா கூலி ஆயிரம் ரூபா கூடும்ங்க. 'நல்லா இருந்த வண்டியை முறிச்சுட்டே'ன்னு சண்டைக்கு வருவாங்க. பசை போட்டா முந்நூறு ரூபா வாங்கிட்டு நல்ல பேரோட அனுப்பிரலாம்ங்க. உண்மையைச் சொன்னா அடுத்த பட்டறைக்குப் போயிருவாங்க சார்."

யோசித்துப் பாருங்கள். காதுகுத்துச் சீருக்குக் கணக்குப் பார்க்காமல் செலவு செய்கிறோம். காருக்குப் புதுச் சீட் கவர், கண்ணாடிக்கு ஸ்டிக்கர், இன்னும் பெரிய ஸ்பீக்கர் என்று போடுகிறோம். 380 ரூபாய்ப் பொருளை முறையாக மாற்ற ஒருநாள் வண்டியை விடச் சொன்னால் பேரம் பேசுகிறோம். பசையை அப்பியது அவர் கைதான். அதை அப்ப வைத்தது நம் கஞ்சத்தனம். நான் கொடுத்த 300 ரூபாயும் அந்தப் பாவத்தில் சேர்த்திதான்.

சீரில் பார்த்த மாப்பிள்ளைக்கு மறுநாள் போன் செய்தேன். "பாக்கறேன் மாமா" என்றார். பார்க்கவில்லை என்று நேற்றுத் தெரிந்தது. அவர் இதைப் படிப்பார். மாப்ளே, நீங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. புதன்கிழமை சாயங்காலம் நானே உங்க வீட்டுக்கு வர்றேன். வண்டியை நம்ம பையன் பட்டறையில் விட்டுருவோம். வேலை முடியறவரைக்கும் குழந்தைகளைப் பள்ளிக்கூடத்துக்கு என் கார்ல நான் கூட்டிட்டுப் போறேன்.

மற்றவர்களுக்கு வீட்டுப்பாடம். நாளைக் காலையில் வண்டியைத் திறந்தவெளியில் கிளப்பி, பானெட்டைத் திறந்து, ரேடியோவை அணைத்து, மூன்று நிமிஷம் சும்மா நின்று கேளுங்கள். கேட்டதைக் கீழே எழுதுங்கள். சந்தேகமாக இருந்தால் வண்டியை என் வீட்டு வாசலுக்குக் கொண்டுவாருங்கள். ரப்பர் ட்யூப் என்னிடம் இருக்கிறது.